காய்ச்சலும் வருகைப் பதிவேடும்

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் வகுப்புகளின் வருகைப் பதிவேடு ஒரு கதை சொல்லத் தொடங்கும். திங்கட்கிழமை ஒரு வகுப்பில் 2 பேர் வரவில்லை. வியாழக்கிழமை 5 பேர். அடுத்த செவ்வாய்க்கிழமை 14 பேர். வந்திருப்பவர்களிலும் பாதிப் பேர் இருமுவதால் கடைசி பெஞ்சில் இருப்பவளுக்கு ஆசிரியையின் குரல் எட்டுவதில்லை. அரையாண்டுத் தேர்வோ நெருங்கி வந்துகொண்டிருக்கும். "ஒருத்திக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துதானே தீரும் சிஸ்டர்! பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான்" என்று பெற்றோர் சொல்வதுண்டு.

அப்படி வந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. ஃபுளூ காய்ச்சல் பரவுவதற்கு நாமே பல வழிகளில் உதவி செய்கிறோம். அவற்றுள் ஒன்று, நாம் பெருமையாக எண்ணிப் பரிசும் கொடுத்து வளர்க்கும் ஒரு பழக்கம். அதைச் சொல்வதற்கு முன், நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

ஜலதோஷம், தடுமன், நீர்க்கோவை என்றெல்லாம் நாம் சொல்லும் சாதாரணச் சளி வேறு, ஃபுளூ வேறு. சளி மெல்ல மெல்ல வரும். முதலில் தும்மல், பிறகு மூக்கு ஒழுகல், இரண்டு நாள் தொல்லை, அவ்வளவே. ஃபுளூ அப்படி வராது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நன்றாக நின்றுகொண்டிருந்த பெண், மூன்றாவது பாடவேளையில் குளிர்கிறது என்பாள். மதியத்திற்குள் மேசை மீது தலையைச் சாய்த்துவிடுவாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். காய்ச்சல் 102, 103 டிகிரி வரை ஏறும். வறட்டு இருமல், தொண்டை வலி, தலைவலி எல்லாம் சேர்ந்துகொள்ளும். சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வருவதுண்டு. காய்ச்சல் பெரும்பாலும் 3 அல்லது 4 நாட்களில் இறங்கிவிடும். இருமலும் சோர்வும் ஒரு வாரம், பத்து நாள் இழுத்துக்கொண்டு போகும்.

இன்ஃபுளுயன்சா என்ற சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. 'ஆதிக்கம்' என்பது அதன் பொருள். நட்சத்திரங்களின் ஆதிக்கத்தால் இந்நோய் வருகிறது என்று பழங்காலத்து இத்தாலியர் நம்பினர். (நம் ஊரிலும் கிரகத்தின் மேல் பழி போடுகிறவர்கள் இல்லாமல் இல்லை!) உண்மைக் காரணம் 1933-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகள் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், நோயாளிகள் தொண்டை கொப்பளித்த நீரை வடிகட்டி, ஃபெரட் என்னும் பிராணியின் மூக்கில் விட்டுப் பார்த்தனர். ஃபெரட் பார்ப்பதற்குக் கீரிப்பிள்ளை போல இருக்கும். அதற்கும் மனிதரைப் போலவே காய்ச்சல் வந்தது, மூக்கு ஒழுகியது, தும்மியது. வடிகட்டியில் தங்காமல் நழுவிச் செல்லும் அளவுக்குச் சிறிய ஒரு வைரஸே காரணம் என்பது இதனால் விளங்கியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம் என்றால் அதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1936-ஆம் ஆண்டு சார்லஸ் ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்ற இளம் மருத்துவர் நோயுற்ற ஃபெரட் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது அது அவர் முகத்திலேயே தும்மிவிட்டது. இரண்டே நாட்களில் அவர் படுத்துவிட்டார். அவருடைய தொண்டையிலிருந்து எடுத்ததும் அதே வைரஸ்தான். ஃபுளூ எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா!

ஒருமுறை அம்மை வந்தால் மறுபடி வருவதில்லை. ஃபுளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மாணவியர் கேட்கக்கூடும். நம் உடல் ஒரு கிருமியை அதன் வெளித்தோற்றத்தை வைத்தே நினைவில் கொள்கிறது. ஃபுளூ வைரஸோ ஆண்டுதோறும் தன் மேலுறையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. பள்ளியின் மாறுவேடப் போட்டியில் பக்கத்து பெஞ்சுத் தோழியையே அடையாளம் தெரியாமல் போவதில்லையா? அதுபோலத்தான். எப்போதாவது ஒருமுறை அது முற்றிலும் புதிய வேடத்தில் வரும். அப்போது உலகம் முழுவதும் பரவும்.

1918-இல் அப்படித்தான் வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டிய அந்நோய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொண்டு போயிற்று. 1957-இல் வந்தது நம் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே இந்தியாவுக்குள் நுழைந்தது. மே மாதம் வந்த ஒரு கப்பலில் நோயாளிகள் இருந்தனர். 12 வாரங்களுக்குள் நோய் நாடு முழுவதும் பரவிவிட்டது. பதிவான நோயாளிகள் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல். இறந்தோர் தொகை, நல்ல வேளையாக, 1918-ஐப் போல இல்லை. 2009-இல் வந்ததைப் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்தோம். அது பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே அதிகமாகப் பிடித்தது. அந்த வைரஸ் இன்று ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃபுளூ வைரஸ்களில் ஒன்றாகிவிட்டது. ஆகவே பரிசோதனைச் சீட்டில் அப்பெயரைக் கண்டு வீடே கலங்கத் தேவையில்லை, கவனிப்பே தேவை.

இப்போது பள்ளிக்கு வருவோம்.

நோயுற்றவள் இருமும்போதும் தும்மும்போதும், ஏன், பேசும்போதும் பாடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வாயிலிருந்து வெளிவருகின்றன. பெரிய துளிகள் ஓர் எட்டு, இரண்டு எட்டுத் தூரத்தில் விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றில் மிதந்துகொண்டிருக்கும். சன்னல் சாத்திய அறையில் அவை நெடுநேரம் நிற்கும். விழுந்த துளிகளும் உடனே வலுவிழப்பதில்லை. எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பொருள்களின் மேல் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கக் கண்டுள்ளனர். துணியிலும் காகிதத்திலும் அது 12 மணி நேரத்திற்கு மேல் நிற்பதில்லை. கையில் சில நிமிடங்களே நிற்கும். ஆனால் நாம் கண்ணையும் மூக்கையும் எத்தனை முறை தொடுகிறோம் என்பதை ஒரு பாடவேளை முழுதும் தோழியைக் கவனித்து எண்ணிப் பார்த்தால் தெரியும். அந்தச் சில நிமிடங்கள் அதற்குப் போதும்.

பெண்கள் பள்ளியில் இன்னும் சில வசதிகளை நாம் அதற்குச் செய்து கொடுக்கிறோம். ஒரே பெஞ்சில் நால்வர் தோளோடு தோள் உரச அமர்கிறோம். ஒரு நோட்டின் மேல் மூன்று தலைகள் குனிகின்றன. ஒருத்தி கடித்த மாங்காய்க் கீற்று அடுத்தவள் வாய்க்குப் போகிறது. தோழியின் பேனா மூடியைப் பல்லில் வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறோம். தண்ணீர்க் குடத்தருகே ஒரு டம்ளர். அதில் அண்ணாந்து குடிக்கிறவர்களும் உண்டு, வாய் வைத்துக் குடிக்கிறவர்களும் உண்டு. இவையெல்லாம் அன்பின் அடையாளங்கள்தாம்; மறுக்கவில்லை. மழைக்கால இரண்டு மாதங்களுக்கு மட்டும் அன்பைக் கொஞ்சம் தள்ளி நின்று காட்டலாம்.

ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட ஏறத்தாழ 2 நாள் ஆகும். நோய் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவளிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடும். பிறகு 5 முதல் 7 நாட்கள் வரை, சிறுமியரிடம் இன்னும் சில நாட்கள் கூடுதலாக, தொற்றும் தன்மை இருக்கும். இவற்றுள் முதல் 3, 4 நாட்கள்தாம் மிகக் கடுமையானவை.

ஒருவரிடமிருந்து ஒரு பள்ளியே படுத்துவிட முடியுமா? முடியும். 1978-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் மாணவர் தங்கிப் பயிலும் ஆண்கள் பள்ளி ஒன்றில் அப்படி நடந்தது. விடுமுறை முடிந்து ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அவனிடமிருந்து தொடங்கியதாகவே கருதப்படுகிறது. ஜனவரி 22-ஆம் நாள் சிலர் படுத்தனர். பிப்ரவரி 4-ஆம் நாளுக்குள், அஃதாவது இரண்டே வாரத்தில், 763 மாணவர்களில் 512 பேர் படுக்கையில் விழுந்து எழுந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. மாணவர்களோடு பழகிய பெரியவர்கள் ஏறத்தாழ 130 பேர்; அவர்களில் நோயுற்றவர் ஒருவரே! காரணம் என்ன? 1957-க்கு முன்பு உலவிய வைரஸ் ஒன்றே அந்த ஆண்டு திரும்பி வந்திருந்தது. பெரியவர்களின் உடல் அதை முன்பே அறிந்திருந்தது. பிள்ளைகளுக்கோ அது புதிது. நோய் பரவுவதில் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பது இதனால்தான். இருமும்போது வாயை மூடாதது மட்டும் காரணமன்று. எதிர்க்கும் பழக்கம் அவர்கள் உடலுக்கு இன்னும் வரவில்லை.

விடுதி மாணவியர் இருக்கும் பள்ளிகளுக்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. ஆனால் எல்லா இடத்திலும் ஃபுளூ இத்தனை வேகமாகப் பரவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேதான் நம்பிக்கையூட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கில் பிரியமுள்ள மாணவியர் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளலாம்.

தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத ஊரில், 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடுவார். சாதாரண ஆண்டில் ஃபுளூ கண்ட ஒருவர் சராசரியாக 1.3 பேருக்கே கொடுக்கிறார். அதாவது 10 பேரிடமிருந்து 13 பேருக்கு, அந்த 13 பேரிடமிருந்து 17 பேருக்கு, பிறகு 22, பிறகு 29. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 3 நாட்கள். இரண்டு வாரத்திற்குள் நோயாளிகள் மூன்று மடங்காவது இப்படித்தான். இப்போது, அந்த 13 பேரில் 4 பேரை மட்டும் நாம் எப்படியோ காப்பாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 10 பேரிடமிருந்து 9 பேருக்கு, 9-லிருந்து 8, 8-லிருந்து 7. நோய் தானாகவே தேய்ந்து மறைகிறது. எல்லோரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. மூன்றில் ஒருவரைக் காப்பாற்றினாலே நோய் அடங்கிவிடுகிறது! ஃபுளூ ஒரு பலவீனமான சங்கிலி. ஓரிரண்டு கண்ணிகளை அறுத்தால் போதும்.

எந்தக் கண்ணியை அறுப்பது எளிது? காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் மாணவியை வீட்டில் நிறுத்துவதே எல்லாவற்றிலும் எளிது, பயனும் மிகுதி.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் நியூயார்க் நகரம். 1918-இல் அங்கு ஏறத்தாழ 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காற்றோட்டமற்ற நெருக்கமான குடியிருப்புகளில் வசித்தனர். மற்ற நகரங்களில் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க் மூடவில்லை. பிள்ளைகள் நலப் பிரிவின் தலைவியாக இருந்த டாக்டர் ஜோசஃபின் பேக்கர் என்ற பெண்மணி, பிள்ளைகளைத் தெருவிலும் இருட்டறையிலும் விடுவதைவிடப் பள்ளியில் வைத்துக் கண்காணிப்பதே மேல் என்று வாதாடினார். சுகாதார ஆணையரும் அதையே பின்பற்றினார். பிள்ளைகள் வெளியில் கூட்டமாக நிற்கக் கூடாது. நேரே வகுப்பறைக்குச் செல்ல வேண்டும். தினமும் காலையில் ஆசிரியைகள் ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பார்கள். நோய்க்குறி தெரிந்தால் அப்பிள்ளை தனியே அமர்த்தப்பட்டு மருத்துவரிடம் காட்டப்படும். காய்ச்சல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பப்படும். மருந்தில்லை, தடுப்பூசியில்லை, நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே தெரியாத காலம். ஆசிரியையின் கண்களே கருவி.

பள்ளிகளை மூடுவது எளிது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய நம் பள்ளிகளில், சிறு வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் நுழைய 2021 நவம்பர் ஆயிற்று. அன்று வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஒன்றரை ஆண்டுகளில் எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளை ஆசிரியைகள் அறிவார்கள். ஆகவே ஃபுளூவுக்குப் பள்ளியை மூடுவதைப் பற்றி நான் பேசவில்லை. நோயுற்ற ஒருத்தி மூன்று, நான்கு நாள் வீட்டில் இருப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

அதற்குத் தடையாக நிற்பது எது? தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழக்கம்தான். ஆண்டு விழாவில் 'ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவி' என்று பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கிறோம். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. அந்த ஒரு டிபன் பாக்ஸுக்காக, அல்லது அந்தச் சான்றிதழுக்காக, 101 டிகிரி காய்ச்சலோடு ஒரு பெண் பள்ளிக்கு வந்துவிடுகிறாள். அம்மா காலை 7 மணிக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கிறார். வழிபாட்டு நேரத்தில் காய்ச்சல் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. மாத்திரையின் வலு 4 முதல் 6 மணி நேரம். மதிய உணவு வேளையில் காய்ச்சல் மறுபடி ஏறும்போது அவள் 50 பேருடன் 5 பாடவேளைகள் அமர்ந்து முடித்திருக்கிறாள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கியது, தொற்றை நிறுத்தவில்லை.

பெற்றோரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அம்மாவும் வேலைக்குப் போகிற வீடுகளில் நோயுற்ற பிள்ளையை யாரிடம் விடுவது? பகல் சத்துணவை நம்பி வரும் பிள்ளைக்கு விடுப்பு என்றால் ஒரு வேளைச் சோறும் விடுப்பு. தேர்வு நாளில் வராவிட்டால் மதிப்பெண் என்னாவது என்ற பயம் வேறு. இவற்றுக்குப் பள்ளிதான் வழி காண வேண்டும். மழைக்கால மாதங்களில் காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பை வருகைப் பரிசுக்குக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். பெற்றோர் கைப்பட எழுதிய கடிதமே போதும் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவச் சான்று கேட்டால், அதற்காகவே 200 ரூபாய் செலவழிக்க முடியாதவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பிவிடுவார்கள். விட்டுப்போன பள்ளித் தேர்வைப் பின்னால் எழுத ஒரு நாள் ஒதுக்கலாம். நம் அருட்சகோதரிகளும் தலைமையாசிரியை அவர்களும் இதைப் பரிவுடன் எண்ணிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

திரும்பி வருவது எப்போது? மாத்திரை எதுவும் கொடுக்காத நிலையில் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வரலாம். லேசான இருமல் இருந்தால் பரவாயில்லை. முகக்கவசம் அணிந்து வரட்டும்.

ஆனால் நோய் வெளிப்படுவதற்கு முந்தைய நாளே தொற்றும் என்றேனே, அதை வீட்டில் நிறுத்தித் தடுக்க முடியாது. அதற்காகவே மற்ற வழிகள். சன்னலைத் திறந்து வையுங்கள். நம் பழைய கட்டடங்களை எழுப்பியவர்கள் உயர்ந்த கூரையும், எதிரெதிர் சன்னலும், மேலே காற்றுக்கண்ணும் வைத்தது அழகுக்காக அல்ல. மழைச் சாரல் அடிக்கிறது என்று அத்தனையையும் சாத்திவிட்டு மின்விசிறியைச் சுழற்றினால், உள்ளே இருக்கும் காற்றையே எல்லோரும் பங்கு போட்டுச் சுவாசிக்கிறோம். சாரல் விழாத பக்கத்துச் சன்னல்களையாவது திறந்திருக்க வேண்டும். பள்ளி வேனிலும் அப்படியே. மழையில் நனைந்தால் ஃபுளூ வரும் என்ற எண்ணம் சரியன்று. மழைக்குப் பயந்து அடைபட்டுக் கிடப்பதே அதற்கு வழி செய்கிறது.

இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இருமப் பழகுங்கள். உள்ளங்கையில் இருமினால் அந்தக் கை அடுத்த நிமிடம் கதவுத் தாழையும் தோழியின் கையையும் தொடும். கைக்குட்டை வைத்திருப்பவர்கள் அதைத் தினமும் துவைக்க வேண்டும். எல்.கே.ஜி. குழந்தைகளின் சீருடையில் ஊக்கால் குத்தி அனுப்பும் கைக்குட்டை சில வீடுகளில் திங்கள் முதல் வெள்ளி வரை அதே கைக்குட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்! கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். ஏழாம் வாய்பாட்டை நிதானமாக ஒருமுறை சொல்லி முடித்தால் அந்நேரம் ஆகிவிடும், வாய்பாடும் மறக்காது. வைரஸின் மேல் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுவதால் வைரஸ் சிதைந்துபோகிறது. வெறும் தண்ணீரில் விரல் நுனியை நனைப்பது கை கழுவுவதாகாது. குடிநீருக்கு அவரவர் பாட்டில். டம்ளர்தான் என்றால் அண்ணாந்து குடிக்கலாம்.

வீட்டில் நோயுற்ற பிள்ளைக்கு வேண்டியது ஓய்வு, நிறையத் திரவ உணவு, காய்ச்சல் இறங்க மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால். கஞ்சி, இளநீர், ரசம் சாதம், இட்லி எதுவும் கொடுக்கலாம். பட்டினி போட வேண்டியதில்லை. பாட்டியின் மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதம். வைரஸை அவை கொல்வதில்லை, ஆயினும் இதமும் வேண்டியதுதானே. நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கும்போது மட்டும் கொதிநீர்ப் பாத்திரத்தைச் சிறு குழந்தைகளின் அருகில் வைக்கவே கூடாது. மூக்கடைப்பைவிட வெந்நீர்ப் புண் கொடியது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஃபுளூவின்போது அது மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயொன்றுக்கு வழி வகுக்கும். போன வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மீதியிருக்கிறதே என்று எடுத்துக் கொடுப்பதும் தவறு. அம்மருந்து பாக்டீரியாவைத்தான் அழிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது.

சளியும் இருமலும் இல்லாமல் கடுங்காய்ச்சல் மட்டும் அடித்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும் காலம். ஃபுளூவிலும் சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்கக் கூடாது: மூச்சு வேகமாக வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல், உதடு நீலம் பாரித்தல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு. காய்ச்சல் இறங்கித் தேறிய பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறினாலும் அப்படியே. அது நிமோனியாவாக இருக்கக்கூடும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளை முதல் நாளே காட்டுவது நல்லது. ஃபுளூவுக்கென்று உள்ள மருந்து, நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பையனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் படுத்திருப்பான். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால், "வீட்டில்தானே இருக்கிறாய், தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள், உலையில் அரிசியைப் போடு" என்கிறோம். வகுப்பில் 50 பேருக்குப் பரவாமல் காத்துவிட்டு, வீட்டில் தம்பிக்கும் பாட்டிக்கும் பரப்பச் சொல்வது போலாகும் இது. அவளுக்கு ஓய்வு கொடுங்கள். முடிந்தால் சன்னலோரம் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பாட்டியின் பக்கத்தில் படுக்க வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும்தான் ஃபுளூ ஆபத்தாக முடிகிறது.

பிள்ளைகளுக்கும் பாட்டிமார்களுக்கும் உள்ள இந்தத் தொடர்பு ஜப்பானில் தெரியவந்தது. அந்நாட்டில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போட்டுவந்தனர். 1977-இல் அதைக் கட்டாயமாக்கினர். 1987-இல் தளர்த்தினர். 1994-இல் நிறுத்தியே விட்டனர். ஊசி போட்ட காலத்தில் குளிர்கால இறப்புகள் குறைந்திருந்தன. நிறுத்திய பின் கூடின. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்! ஊசி போட்டுக்கொண்டவர்கள் பேரப்பிள்ளைகள்; உயிர் பிழைத்தவர்கள் தாத்தா பாட்டிகள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் காக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அந்த எண்ணைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. பிள்ளைகளைக் காத்தால் பெரியவர்களும் காக்கப்படுவர் என்ற கருத்து மட்டும் வலுப்பெற்றது.

நம் நாட்டில் ஃபுளூ தடுப்பூசி அரசின் வழக்கமான குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், மேற்சொன்ன நாட்பட்ட நோய் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. வைரஸ் வேடம் மாற்றுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. 9 வயதுக்குட்பட்டவர்கள் முதல் முறை போட்டுக்கொள்ளும்போது ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. ஊசி நோயை முழுதும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் கடுமை குறையும். வட இந்தியாவின் பல ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃபுளூ உச்சத்திலிருக்க, சென்னை, வேலூர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் அது மிகுதி. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே போட எண்ணியிருக்கும் பெற்றோர் தீபாவளி வரை காத்திராமல் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே குடும்ப மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

விடுதியில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது. அங்கே நோயாளிகளுக்கென்று ஓர் அறையை மழைக்கு முன்பே ஒழித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் படுக்கும் கூடத்தில் ஒருத்தியின் தலைப்பக்கம் அடுத்தவளின் கால்பக்கமாக இருக்கும்படி பாயை மாற்றிப் போட்டாலே மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நல்ல தூரம் கிடைத்துவிடும். இதற்குக் காசு செலவில்லை.

கடைசியாக, பாடம் விட்டுப்போகும் என்ற கவலைக்கு ஒரு வழி. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு வகுப்பிலும் மாணவியர் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளட்டும். ஒருத்தி வராத நாளில் மற்றவள் அன்றைய பாடக் குறிப்பை ஒரு கார்பன் தாள் வைத்து இரண்டு படியாக எழுதி வைக்க வேண்டும். நோயுற்றவளின் வீட்டுக்கு உடனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். அவள் திரும்பி வரும் நாள்வரை ஆசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.